பழைய ஐஸ் கம்பெனி: இடிப்பதா, மூடுவதா, வைத்துக்கொள்வதா?

போன வருஷம் மட்டும் மூன்று தரப்பு என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கொண்டுவந்தது. பாம்பன் பக்கம் ஒரு மீனவர் சங்கம், தொண்டிப் பக்கம் ஒரு சம்மாட்டி (படகு முதலாளி) குடும்பம், கீழக்கரையில் தாத்தா சொத்தைப் பிரித்துக்கொள்ள முடியாமல் நிற்கும் பங்காளிகள். எல்லாருக்கும் கடலை ஒட்டி ஒரு பழைய ஐஸ் கம்பெனி இருக்கிறது. ஓடி வருஷக்கணக்காகிவிட்டது, கூரை ஆஸ்பெஸ்டாஸ், உள்ளே அமோனியா கம்ப்ரசர் துருப்பிடித்து நிற்கிறது, தரையில் எண்ணெய், ஒரு சுவரில் மட்டும் மஞ்சள் கறை. ஒருத்தர் இடித்துத் தரைமட்டமாக்கச் சொல்கிறார், ஒருத்தர் மண்ணைக் கொட்டி மூடச் சொல்கிறார், வெளியூரில் படிக்கிற பேத்தி இதை வரலாற்றுச் சின்னமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறாள்.

நான் குளிர்பதன மெக்கானிக். முதல் பத்து வருஷம் ஐஸ் கம்பெனிகளை ஓட வைத்தேன், அதற்கப்புறம் மூடின கம்பெனிகளைப் பிரித்துக் கொடுக்கிற வேலை, அதனால் இரண்டு பக்கமும் தெரியும். மூன்று பேருக்கும் முதலில் சொன்னது இதுதான்: நீங்கள் கேட்பது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. விஷத்தை என்ன செய்வது என்பது ஒன்று, கட்டடத்தை என்ன செய்வது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும்போதுதான் "இடிச்சா சுத்தமாயிரும்" என்கிற பேச்சும், "கட்டடத்தைக் காப்பாத்தணும்னா விஷத்தோட வாழணும்" என்கிற பேச்சும் வருகிறது. இரண்டுமே தப்பு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

உள்ளே என்ன இருக்கிறது, அது நகர்கிறதா? ஐஸ் கம்பெனி விஷம் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. கூரையில் இருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடையாமல் இருக்கும்வரை பெரிய தொந்தரவு தராது. உடைத்தால், அறுத்தால், சுத்தியலால் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத இழை காற்றில் கலக்கும், நுரையீரலில் போய் உட்காரும், நோய் வெளியே தெரிய இருபது முப்பது வருஷம் ஆகும். குழாய்களைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அது ஷீட்டைவிட மோசம், கையால் தொட்டாலே உதிரும். அமோனியா, அதாவது ஐஸ் உறைய வைக்கும் குளிரூட்டி வாயு, வேறு ரகம். "கம்பெனி மூடி இருபது வருஷம் ஆச்சு, கேஸ் எல்லாம் போயிருக்கும்" என்று நம்பி ஒரு பழைய இரும்புக்காரர் அமோனியா சேர்ந்து நிற்கும் ரிசீவர் டேங்கில் கட்டரை வைத்ததை நான் கூட இருந்து பார்த்தேன். போகவில்லை. அடியில் எண்ணெயோடு சேர்ந்து தங்கியிருந்தது. காற்று கடல் பக்கம் அடித்ததால் நாங்கள் பிழைத்தோம்.

ஆனால் இந்த இடத்தில் உண்மையான வில்லன் அந்த மஞ்சள் கறைதான். ஐஸ் கம்பெனியில் ஐஸ் உறையும் கேன்கள் உட்காரும் பெரிய தொட்டியில் இருப்பது உப்புக்கரைசல். மைனஸ் 10 டிகிரி அளவில் ஓடும், உறையாது, ஆனால் இரும்பைத் தின்றுவிடும். தின்னாமல் இருக்க அந்தக் காலத்தில் சோடியம் டைகுரோமேட் கலப்பார்கள். ஆரஞ்சு நிற உப்பு, தண்ணீரில் போட்டால் மஞ்சள். ஆபரேட்டர்களுக்கு அது வெறும் "மருந்து". கையில் பட்டால் புண் ஆகும், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழும், புற்றுநோய் தரும் என்று உறுதியானது. வேதியியலில் ஆறு இணைதிறன் குரோமியம் என்பார்கள். முக்கியமான சங்கதி, அது தண்ணீரில் கரையும். தொட்டி ஒழுகினால் மண்ணுக்குள் போகும், அங்கிருந்து நிலத்தடி நீரோடு நடக்கும். ஆஸ்பெஸ்டாஸ் உட்கார்ந்திருக்கும் விஷம், குரோமியம் நடக்கும் விஷம். இந்த ஒரு வித்தியாசம் மனதில் இருந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

மிச்சம் டீசல், கம்ப்ரசர் ஆயில், பழைய பெயிண்டில் ஈயம், டிரான்ஸ்பார்மர் எண்ணெய். இவையும் கணக்கில் உண்டு, ஆனால் இரண்டாம் வரிசை.

தண்ணீர் எங்கே இருக்கிறது? நம் கடற்கரையில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய ஏடு. தனுஷ்கோடியில் இன்றும் மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுக்கிறார்கள், ஓரிரண்டு முழத்திலேயே சுரக்கும். அவ்வளவு மேலே இருக்கிற தண்ணீருக்கும் தொட்டியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே இருப்பது வெறும் வெள்ளை மணல். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய அளவு. கறுப்புச் சேறாக இருந்தால் அதிலுள்ள மட்கு குரோமியத்தைத் தானே ஓரளவு கட்டிப்போடும், சுத்தமான மணலில் அந்த வசதி கிடையாது. இருநூறு முன்னூறு அடிக்குள் ஊற்றோ கிணறோ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை.

திரும்பக் கிடைக்காதது என்ன? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஐஸ் கம்பெனி என்றால் ஷெட்தானே என்று நினைப்பு. ஆனால் இந்தப் பக்கம் பல கம்பெனிகள் அதற்கும் முந்தைய கருவாட்டுக் கிடங்கிலோ சரக்குக் கிடங்கிலோ உட்கார்ந்தவை. சுவர் பவளப்பாறைக் கல், சுண்ணாம்புச் சாந்து. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் சர்ச்சைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல் தெரியும், நுரை மாதிரி ஓட்டை ஓட்டையாக, ஆனால் தலைமுறை தலைமுறையாக நிற்கும். மன்னார் வளைகுடா 1986-ல் கடல் தேசியப் பூங்காவானது, 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அந்தக் கல்லை இனி யாரும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஒரு பவளக்கல் சுவரை இடித்தால் அதே மாதிரி இன்னொன்று இந்த ஜென்மத்தில் கட்ட வழியில்லை.

கம்ப்ரசரும் அப்படித்தான். ஆள் உயரத்தில் நின்று மெதுவாகச் சுற்றுகிற பழைய சக்கரக் கம்ப்ரசர்களை எல்லா ஊரிலும் இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். கருவாடாக மட்டும் வெளியூர் போய்க்கொண்டிருந்த மீன் பச்சையாக ரயில் ஏற ஆரம்பித்தது இந்த மெஷினால்தான். எனக்கு அதில் பாசம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலை என்று நடிக்கவில்லை.

காசு, ஒரு தடவையா, வருஷா வருஷமா? ரூபாய்க் கணக்கு சொல்ல மாட்டேன், இடத்துக்கு இடம் பல மடங்கு மாறும். ஆனால் இன்று குறைவாகத் தெரிகிற வழி எதுவோ அதில் நாளைய செலவு ஒளிந்திருக்கும்.

கடலும் மழையும் என்ன செய்யும்? 1964 டிசம்பர் புயலை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அதை விடுங்கள், 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தோண்டிப் போட்ட குழியும் குவித்து வைத்த விஷ மண்ணும் அந்த நாளில் உங்கள் வளாகத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாளைக்கு யார் பொறுப்பு? சங்கத்தில் நிர்வாகி மாறுவார், பங்காளிகளின் பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருப்பார்கள். இருபது வருஷம் கழித்துச் சாவி யார் கையில் இருக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பதில் வராத இடத்தில் வருஷா வருஷம் கவனிப்பு கேட்கும் வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

## வழி 1: பூட்டி வேலி போட்டு விட்டுவிடுவது

யாரும் இதை ஒரு முடிவாக நினைப்பதில்லை, ஆனால் நடைமுறையில் பத்தில் ஒன்பது பேர் எடுக்கும் முடிவு இதுதான். செலவு ஒரு பூட்டு.

மறைந்திருக்கும் செலவைப் பார்க்க ராணிப்பேட்டை போனால் போதும். அங்கே அரசும் கூட்டு சேர்ந்த ஒரு குரோமேட் தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது, 1.5 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு வளாகத்திலேயே கிடந்தது, மழைக்கு மழை மஞ்சள் தண்ணீர் வெளியே வந்தது, என்ன செய்வது என்ற பேச்சு ஒரு தலைமுறை ஓடியது. உங்கள் தொட்டியில் இருப்பது அதில் ஒரு துளிகூட இல்லை, ஆனால் குணம் அதே குணம்: கேட்பாரில்லாமல் விட்டால் பரவும், பரவப் பரவச் சுத்தம் செய்யும் செலவு ஏறும். போதாததற்குப் பூட்டின கட்டடத்தில் கூரை முதலில் போகும், ஷீட் உடைந்து விழும், பையன்கள் உள்ளே கிரிக்கெட் பந்து தேடிப் போவார்கள், ராத்திரியில் செம்புக் கம்பி தேடி வேறு சிலர் வருவார்கள்.

எப்போது சரி? பரிசோதனை முடிவு வரும்வரை. ஆறு மாசம், அதிகபட்சம் ஒரு வருஷம். அந்த நேரத்திலும் கூரை ஓட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடி, தொட்டிக்குள் மழைத்தண்ணீர் விழாமல் பார்த்துக்கொண்டால்தான்.

## வழி 2: முழுக்க இடித்து, மண்ணையும் அள்ளி வெளியே அனுப்புவது

மனை விலை ஏறுகிற ஊரில் எல்லாருக்கும் பிடித்த வழி. ஜேசிபி வந்தால் மூன்று நாளில் வேலை முடியும், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். நியாயமாகச் செய்தால் இதில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. விஷம் உண்மையிலேயே அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறது, இருபது வருஷம் கழித்து யாரும் சாவியைத் தேட வேண்டாம்.

சிக்கல் "நியாயமாக" என்ற சொல்லில் இருக்கிறது. நான் பார்த்த இடிப்புகளில் பெரும்பாலானவை கட்டடத்தை எடுத்துவிட்டு விஷத்தை விட்டுவிட்டவை. யோசியுங்கள்: தொட்டிக்கு அடியில் இருக்கும் குரோமியத்துக்குக் குடையாக இருப்பதே அந்தக் கூரையும் சிமெண்டுத் தரையும்தான். இரண்டையும் பெயர்த்துவிட்டு மண்ணை மட்டும் சமன் செய்துவிட்டுப் போனால் ஐப்பசி மழை நேராக உள்ளே இறங்கும், இத்தனை வருஷம் மெதுவாக நடந்தது இப்போது ஓடும். மஞ்சள் கறைச் சுவரும் போய்விட்டதால் எங்கே ஒழுகியது என்று சொல்லச் சாட்சியும் இருக்காது. இடித்த கல்லும் செங்கல்லும் பக்கத்து ஊரில் யாராவது வீட்டு அஸ்திவாரத்துக்குப் போகும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து கம்மாய்க் கரையில் கிடக்கும். இதற்குச் சுத்தம் என்று பெயர் வைத்தால் எப்படி?

ஒழுங்காகச் செய்வதென்றால் இப்படி: அமோனியாவை ஆள் வைத்து இறக்கித் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரையும் கடலில் விடாமல் எடுத்துப் போகணும், ஏனென்றால் அது மீனைக் கொல்லும். ஷீட்டை நனைத்து, ஆணியை வெட்டி, முழுசாக இறக்கி, கனமான பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றணும். தொட்டிக்கு அடியில் மாதிரி எடுத்து எதுவரை மஞ்சள் போயிருக்கிறது என்று பார்த்து அதுவரை தோண்டணும். ஓரிரண்டு மீட்டரிலேயே குழிக்குள் தண்ணீர் ஊறும், அந்தத் தண்ணீரும் விஷம், அதையும் இறைத்துச் சுத்திகரிக்கணும். 2016-ம் வருஷ அபாயக் கழிவு விதிப்படி இதெல்லாம் அதற்கென்று உரிமம் பெற்ற, அபாயக் கழிவைப் புதைக்கும் இடத்துக்குத்தான் போகணும். அப்படி ஒரு இடம் இருக்கும் கும்மிடிப்பூண்டி என்றால் ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். மணல் கனமான சரக்கு. எத்தனை லாரி என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, போய்ச் சேருகிற ஊர்க்காரர்களும் மனிதர்கள். போபால் கழிவு 337 டன், விபத்து நடந்து நாற்பது வருஷம் கழித்து 2025 ஜனவரியில் அதே மத்தியப் பிரதேசத்தில் உள்ள பித்தம்பூருக்குப் போனபோது அந்த ஊர் கொந்தளித்தது. நம் விஷத்தை வேறொருத்தர் வாசலில் இறக்குகிறோம் என்பதைக் கணக்கில் எழுதாமல் விடக் கூடாது.

அப்புறம் சட்டத்தில் ஒரு பொறி. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில், கிராமப்புறக் கரையில் பெரும்பாலும் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அங்கீகாரம் உள்ள பழைய கட்டடத்தைப் பழைய பரப்புக்குள் பழுதுபார்க்கலாம், திருத்திக் கட்டலாம். கட்டடத்தைச் சுத்தமாக அழித்துவிட்டு, பழைய ரசீதும் இல்லாமல், இங்கே ஒரு கட்டடம் இருந்தது என்று நிரூபிக்கப் போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனை என்று நினைத்து இடித்தது கடைசியில் வலை காய வைக்கும் இடமாக மட்டும் மிஞ்சும்.

எப்போது சரி? ஊற்றோ பள்ளிக்கூடமோ பக்கத்தில் இருந்து, குரோமியம் ஒரு சின்ன இடத்தில் மட்டும் அடர்த்தியாக இருந்து, கட்டடம் வெறும் ஹாலோ பிளாக்கும் ஷீட்டுமாக இருந்தால், யோசிக்க வேண்டாம், இதுதான். தொண்டிக் குடும்பத்துக்கு நான் சொன்னது இதைத்தான். அவர்கள் கட்டடம் 1980-களில் எழுந்தது, அதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை.

## வழி 3: அப்படியே மூடி வைப்பது

விஷத்தை எடுக்காமல் மேலே தண்ணீர் இறங்காத ஒரு மூடி போடுவது. களிமண், தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் சுத்தமான மண் அல்லது கான்கிரீட். உலகத்தில் நிறைய இடத்தில் செய்திருக்கிறார்கள். சியாட்டிலில் 1956-ல் நின்றுபோன ஒரு நிலக்கரி வாயு ஆலையை, கோபுரங்களை இடிக்காமல், 1975-ல் பூங்காவாகத் திறந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் தாரும் பென்சீனும் அடியில் இருந்ததால் மறுபடி மறுபடி பரிசோதனை, மறுபடி மண் போடுவது என்று பல பத்தாண்டுகளாக வேலை ஓடுகிறது. மூடுவது என்றால் இதுதான் அர்த்தம், முடிவது இல்லை.

நம் கரையில் இன்னொரு குறை. மூடி மேலிருந்து வருவதைத்தான் தடுக்கும். நிலத்தடி நீர் மழைக்காலத்தில் ஏறும், கோடையில் இறங்கும், கரைக்குப் பக்கத்தில் ஏற்றவற்றத்தோடும் கொஞ்சம் அசையும். கீழிருந்து வரும் கால் கழுவலுக்கு மேலே போட்ட தொப்பி எதற்கு? டீசலுக்கும் ஈயப் பெயிண்ட் கலந்த மண்ணுக்கும் மூடி போதும். குரோமியத்துக்குப் போதாது.

மூன்றாவது குறையை யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூடும்போது கூடவே பவளக்கல் சுவரின் அடியிலும் சிமெண்டைப் பூசிவிடுவார்கள், "கறை தெரியாம இருக்கும்ணே" என்று. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் உப்பீரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே வந்து காய்ந்து, பூச்சு பொரிந்து உதிரும், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பூச்சை மட்டும் மாற்றினால் போதும். சிமெண்ட் போட்டால் ஈரம் வெளியே வர முடியாது, உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகும், கல்லை உள்ளிருந்து உடைக்கும். தரை முழுக்க மூடி போட்டால் ஈரத்துக்கு இருக்கிற ஒரே வழியும் சுவர்தான், அது இன்னும் மேலே ஏறும். கட்டடத்தைக் காப்பாற்றத்தான் மூடினோம் என்பார்கள், பத்து வருஷத்தில் சுவர் மாவாகக் கொட்டும். சுவரை ஒட்டி இரண்டு மூன்று அடி இடைவெளி விட்டு, அங்கே சரளைக்கல் போட்டு, அப்புறம் மூடியை ஆரம்பிப்பவர்கள் கொஞ்சம் தப்பிக்கலாம்.

எப்போது சரி? பரிசோதனையில் குரோமியம் இல்லை, எண்ணெயும் ஈயமும்தான் என்று வந்தால். அதோடு வருஷத்துக்கு இரண்டு தடவை கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கவும் விரிசலை அடைக்கவும் ஒரு நிலையான அமைப்பு, சங்கமோ ஊராட்சியோ, எழுத்தில் பொறுப்பேற்றால். சொத்து பங்காளிகள் கையில் என்றால் வேண்டவே வேண்டாம்.

## வழி 4: விஷத்தைப் பிரித்தெடுத்து, கட்டடத்தை வைத்துக்கொள்வது

இதுதான் நிதானமான வழி, எரிச்சலூட்டும் வழியும் கூட. அறுவை சிகிச்சை மாதிரி: நகரும் விஷத்தை எடு அல்லது செயலிழக்கச் செய், நகராத விஷத்தைப் பத்திரமாக இறக்கு, சுவரையும் மெஷினையும் விட்டுவிடு.

குரோமியத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஆறு இணைதிறனிலிருந்து மூன்றுக்கு இறக்கினால் கரைவது பெரும்பாலும் நின்றுவிடும், விஷத்தன்மையும் வெகுவாகக் குறையும். இறக்குவதற்கு உலகெங்கும் பயன்படும் சரக்குகளில் ஒன்று பெரஸ் சல்பேட், நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதேதான். மண்ணுக்குள் கரைசலாகச் செலுத்தினால் மஞ்சள் மறைந்து, குரோமியம் பச்சைப் படிவாகத் தங்கும். உடனே மூட்டை வாங்கிக் கொட்டக் கிளம்பிவிடாதீர்கள். எவ்வளவு, எத்தனை தடவை, எந்த ஆழத்தில் என்பதை மண் மாதிரியைப் பார்த்து ஆய்வகம்தான் சொல்லணும். மறைந்திருக்கும் செலவும் அதிலேயே இருக்கிறது: அன்னபேதி மண்ணை அமிலமாக்கும், சல்பேட் உப்பைக் கூட்டும், இரண்டுமே சுண்ணாம்புச் சுவருக்கும் பவளக்கல்லுக்கும் எதிரி. அதனால் அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணைக் கையால் தோண்டி எடுத்து வெளியே அனுப்பிவிட்டு, நடுவில் இருப்பதற்கு மட்டும் மருந்து கொடுப்பது என் கட்சி. தோண்டுவது நாலைந்து அடிக்கு ஒரு துண்டாக, ஒன்றை நிரப்பிவிட்டு அடுத்தது. ஒரேயடியாகப் பள்ளம் எடுத்தால் மணலில் நிற்கிற சுவர் உட்காரும்.

சுவரில் ஏறின மஞ்சளுக்குப் பற்றுப் போடுவார்கள். களிமண்ணும் காகிதக் கூழும் பிசைந்து ஈரமாக அப்பி, காயவிட்டு உரித்தால் உப்பு அதோடு வரும். நாலைந்து தடவை செய்யணும். உரித்த பற்று அபாயக் கழிவு, அதைக் குப்பைத்தொட்டியில் போட்டால் இவ்வளவும் வீண்.

டீசல் மண்ணை வெளியே அனுப்ப வேண்டியதில்லை. குவித்து, காற்றும் ஈரமும் கொஞ்சம் உரமும் கொடுத்து, மேலே தார்ப்பாய் போட்டால் நுண்ணுயிர்கள் சில மாதங்களில் வேலையை முடித்துவிடும், நம் வெயில் அதற்கு உதவிதான். தொட்டியைச் சுற்றி அடைத்திருக்கும் உமி, கார்க், தார் எல்லாம் உப்புக்கரைசலில் ஊறியவை, அதில் சமரசம் வேண்டாம், வெளியே. கம்ப்ரசரை எண்ணெய் வடித்துக் கழுவி வைத்துக்கொள்ளலாம். பெயிண்டைச் சுரண்டாதீர்கள், மேலே புதுப் பூச்சு போட்டு அடக்குவது நல்லது.

ஜெர்மனியில் டுயிஸ்பர்க் ஊரில் 1985-ல் மூடின ஒரு இரும்பு ஆலையை 1990-களில் பூங்காவாக்கினபோது செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். மோசமான மண்ணை ஊர்வலம் போக விடாமல் ஆலையின் பழைய பதுங்குகுழி மாதிரியான சேமிப்பு அறைகளிலேயே வைத்து அடைத்தார்கள், வாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கும் இடமாக்கினார்கள். நம்மால் முக்குளிப்பு மையம் கட்ட முடியாது, சரி. ஆனால் எல்லாவற்றையும் எடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை என்கிற புத்தி நமக்கும் ஆகும்.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், எவ்வளவு சுத்தம் போதும் என்கிற சண்டையில். கொடைக்கானல் பாதரசத் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாமா, இல்லை இன்னும் குறைக்கணுமா என்ற வழக்கும் வாதமுமே வருஷக்கணக்கில் ஓடியது. பின்னால் யார் புழங்குவார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த எண் வரும். வலைக்கிடங்குக்கு ஒரு அளவு, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற இடத்துக்கு அதைவிடக் கடுமையான அளவு. அதனால் முதலிலேயே என்ன பயன்பாடு என்று எழுதிவிடுங்கள். மீனையோ கருவாட்டையோ மறுபடி அங்கே வைப்பது மட்டும் வேண்டாம் என்பேன்.

வெறும் காட்சிக்கூடம் என்ற யோசனைக்கு என் ஓட்டு இல்லை. டிக்கெட் காசில் கூரை மாறாது. வலை பின்னுகிற இடம், சங்க அலுவலகம், இஞ்சின் பட்டறைக்கு வாடகை, இப்படி தினமும் ஆள் நடமாட்டம் உள்ள ஒன்று இருந்து, ஒரு மூலையில் கம்ப்ரசர் நின்றால் அது நிற்கும். சட்டம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். மத்திய அரசின் 1958-ம் வருஷச் சட்டத்தில் சின்னம் என்றால் நூறு வருஷம் ஆகியிருக்கணும், ஐஸ் மெஷினுக்கு அந்த வயது இல்லை. 1914-ல் திறந்து 2022 டிசம்பர் வரை ரயில் ஓடிய பாம்பன் பாலத்துக்கே புதுப்பாலம் வந்ததும் இனி எதற்கு என்று கேட்கிற ஊர் இது.

எப்போது சரி? பவளக்கல் சுவரோ பழைய மெஷினோ உண்மையிலேயே இருந்து, விஷம் எல்லை தெரிந்த அளவில் இருந்து, இரண்டு மூன்று வருஷம் பொறுக்க ஆள் இருந்தால்.

## ஒரே பார்வையில்

| | பூட்டி விடுவது | இடித்து அள்ளுவது | மூடி வைப்பது | பிரித்தெடுத்து வைத்துக்கொள்வது |
|---|---|---|---|---|
| குரோமியம் | பரவும் | ஒழுங்காகச் செய்தால் போய்விடும் | கீழிருந்து கசியும் | எடுக்கலாம், செயலிழக்கச் செய்யலாம் |
| ஆஸ்பெஸ்டாஸ் | வருஷா வருஷம் உதிரும் | அவசர இடிப்பில் ஊரெல்லாம் பறக்கும் | கூரைக்குச் சம்பந்தமில்லை | முழுசாக இறக்கலாம் |
| பவளக்கல் சுவர் | கூரை போனதும் போகும் | போச்சு | சிமெண்ட் பட்டால் போகும் | நிற்கும் |
| இன்றைய செலவு | ஒன்றுமில்லை | மிக அதிகம் | நடுத்தரம் | அதிகம், ஆனால் பிரித்துச் செய்யலாம் |
| நாளைய செலவு | எல்லாவற்றையும்விட அதிகம் | குறைவு | முடிவே இல்லை | பராமரிப்பு மட்டும் |
| திரும்பக் கட்டும் உரிமை | இருக்கும் | சிக்கல் | இருக்கும் | இருக்கும் |
| பெருமழை, புயல் | ஆபத்து | குழி திறந்திருந்தால் பெரிய ஆபத்து | மூடி கிழியலாம் | துண்டு துண்டாகச் செய்தால் சமாளிக்கலாம் |

பாம்பன் சங்கத்துக்கு நான் சொன்னது நான்காவது. கீழக்கரைப் பங்காளிகளுக்கு இரண்டும் நான்கும் கலந்த ஒன்று: தொட்டிப் பகுதியை முழுக்க எடுத்துவிடுங்கள், பவளக்கல் கிடங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் இரண்டு பங்குதானே. அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

## எந்த வழியானாலும் வரிசை ஒன்றுதான்

முதலில் அமோனியா, பழைய இரும்புக்காரர் வாசலுக்கு வருவதற்கு முன்பே. அடுத்து பரிசோதனை: தொட்டிக்கு அடியில், சுற்றிலும், கடல் பக்கம் ஒரு வரிசை, ஊற்றுப் பக்கம் ஒரு வரிசை மண்ணும் தண்ணீரும். மொத்தக் குரோமியம் மட்டும் பார்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், ஆறு இணைதிறன் தனியாக வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கட்டட முடிவை இதன் ரிசல்ட் வரும்வரை தள்ளிப்போடுங்கள், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ சந்தேகமான இடத்தைப் பட்டியலிட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்டமாகப் பார்க்கணும். அசுத்தம் செய்தவர்தான் செலவு செய்யணும், செய்தவர் அகப்படாவிட்டால் அரசுகள் பக்கம் போகும். கம்பெனி நடத்திய குடும்பமே நீங்கள் என்றால் இந்த வழி சங்கடமானது, வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். சங்கம் பின்னால் ஏலத்தில் எடுத்த இடம் என்றால் தாராளமாகப் போகலாம்.

காலமும் முக்கியம். கூரை இறக்குவது தை கடைசியிலிருந்து பங்குனிக்குள். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஆஸ்பெஸ்டாஸில் கை வைத்தால் அம்மியே பறக்கும் காற்றில் இழை எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும். தோண்டுவது ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஊரில் ஆளும் கிடைக்கும், தண்ணீரும் கீழே இருக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்குத் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லாமல் நல்ல வடிகட்டி முகமூடி வாங்கிக் கொடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் எந்தக் குழியும் திறந்திருக்கக் கூடாது.

முதல் நாள் மண் மாதிரி எடுக்கப் போகும்போது அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த பழைய ஆபரேட்டர் யாராவது ஊரில் இருந்தால் ஆட்டோ வைத்தாவது கூட்டிக்கொண்டு போங்கள். பாம்பனில் அப்படி ஒரு பெரியவர் வந்தார். வரைபடத்தில் இல்லாத ஒரு வாய்க்காலை ஊன்றுகோலால் தட்டிக் காட்டி, "வருஷத்துக்கு ஒருக்கா தொட்டியக் கழுவி இந்த வழியாத்தான் விடுவோம் தம்பி" என்றார். நாங்கள் குழி போட வைத்திருந்த இடம் அதிலிருந்து நாற்பது அடி தள்ளி இருந்தது.